திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

பள்ளிப் பேருந்தின் முன்கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளை நேவா டாலிவர் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஓப்பல் ஓடி வந்தாள். பாதித் தலையில் சுருள் உருளைகள், மீதிப் பாதி காற்றில் பறந்தது. அழகு நிலையம் நடத்துகிறவள் தன் தலையை இப்படிப் போட்டுவிட்டு வீதிக்கு வருகிறாள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

"நேவா! நமக்குக் கலிஃபோர்னியா போக டிக்கெட் விழுந்திருக்குடீ! சலவைத்தூள் கம்பெனிக்காரன் குலுக்கல் போட்டானே, அதுல!"

"நான் எந்தக் குலுக்கலுக்கும் பேர் குடுக்கலையே."

"நான் குடுத்தேன், உன் பேர்ல. விமானம், ஓட்டல், டெலிவிஷன் ஸ்டுடியோவைச் சுத்திக் காட்டறது, எல்லாம் அவன் செலவு. நாம போய்க் கால் நீட்டி உக்காந்தாப் போதும். எதுக்கு இப்படி முழிக்கறே? சந்தோஷப்படேன்!"

சந்தோஷப்பட நேவாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெப்ராஸ்காவில் ஹாலோவே என்ற அந்தச் சின்ன ஊருக்குக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவள், அதன்பின் மாநில எல்லையைத் தாண்டியதே இல்லை. மகள் டார்லாதான் அவளைக் கிளப்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்த பெண். சினிமா நட்சத்திரம் நடந்த நடைபாதையைப் பார்க்கக்கூட உயிரை விடுவாள். அப்படிப்பட்டவள், "நீ போயிட்டு வாம்மா, எனக்குப் பரீட்சை இருக்கு. டப்பாவைத் திறந்து பட்டாணியைச் சூடு பண்ணத் தெரியாதா எனக்கு?" என்று சொன்னபோதே நேவா சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை.

புதன்கிழமை சாயங்காலமானால் ஹாலோவேயில் வீதி வெறிச்சோடிவிடும். எல்லோரும் 'எத்தனை முகங்கள்' நிகழ்ச்சியின் முன் உட்கார்ந்திருப்பார்கள். வாரம் ஒரு சாதாரண ஆளைப் பிடிப்பார்கள். ஏதோ சாக்குச் சொல்லி ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து, திடீரென்று மேடையில் ஏற்றி, அவர் வாழ்க்கையில் வந்துபோனவர்களை ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னாலிருந்து பேசவைத்து வெளியே கொண்டுவருவார்கள். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நேவாவும் துணி தேய்த்துக்கொண்டே பார்ப்பாள். சட்டைக் காலரில் கண்ணீர் சொட்டும். அதன்மேலேயே இஸ்திரிப்பெட்டியை ஓட்டுவாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை ஸ்டுடியோவின் மூன்றாவது வரிசையில் ஓப்பலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இன்றைக்கு யாரைப் பிடிக்கப்போகிறார்களோ என்று கழுத்தை நீட்டி அக்கம்பக்கம் பார்த்தாளே தவிர, தன்னை நினைக்கவே இல்லை. நிகழ்ச்சி நடத்துகிற ஹல் டெனிசன் ஒலிவாங்கியோடு படி இறங்கி வந்தார். வரிசைக்குள் நுழைந்தார். விளக்கு அவரோடே நகர்ந்து வந்து நேவாவின் முகத்தில் விழுந்தது.

"மிசஸ் நேவா டாலிவர், ஹாலோவே ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுறவங்க! இன்னிக்கு ராத்திரி நாடே பாக்கப்போற முகம் உங்களுதுதான்!"

"ஐயோ, நான் இல்லீங்க!" என்றாள் நேவா. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஓப்பல் அவளை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "எழுந்திருடீ. குலுக்கலாவது ஒண்ணாவது."

மேடையில் மெத்தை வைத்த நாற்காலி. டெனிசன் இரண்டு வருடத்துக்கு முந்தைய பனிப்புயலைச் சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் பேருந்து பனியில் புதைந்தது. ஓட்டுநர் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் இருக்கைகளுக்கு நடுவே அணிவகுப்பு நடத்தினார். தன் கோட்டைக் கழற்றி மிகச் சின்ன இரண்டு பிள்ளைகளை அதற்குள் வைத்துப் பொத்தான் போட்டார். விடிந்து மீட்புக்காரர்கள் வந்தபோது ஒரு பிள்ளைக்கும் குளிரில் விறைத்து ஒரு விரல்கூடப் போகவில்லை. அந்தக் கோட்டுக்குள் இருந்த இரண்டு பேரும் கொஞ்சம் வளர்ந்து, பற்கள் விழுந்து, கைகோத்து வெளியே வந்தார்கள். பிறகு மீட்புக்காரர்களில் ஒருவரான விவசாயி வந்தார். ஊர்ப் பாதிரியார் வந்தார். பிறகு திரைக்குப் பின்னால் ஒரு குரல், "அம்மா, பட்டாணியைக் கரிய விட்டுட்டேன்!" என்றது.

புது கவுனில் டார்லா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான்தாம்மா இவங்களுக்கு உன்னைப் பத்திச் சொன்னேன். கோபமா?" என்றாள். நேவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போதும், இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

டெனிசன் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரு, மிசஸ் டாலிவர். இது உங்க பொண்ணுக்கும் தெரியாது."

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. நிதானமான, கொஞ்சம் கரகரத்த, சிரிப்பைக் கடைவாயில் வைத்திருந்த குரல்.

"நேவா, என் தொப்பியை எங்கடி வெச்சே?"

கூட்டம் சிரித்தது. நேவாவின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. விளக்கு, மேடை, மகளின் கை, எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போயின. திரையைத் தள்ளிக்கொண்டு கிளைட் டாலிவர் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். தலை முன்பக்கம் வழுக்கை. புது சூட், மார்பில் வெள்ளைப் பூ.

"போர்ல செத்துட்டாருன்னு நீங்க நெனச்ச உங்க கணவர்!" டெனிசனுக்கே கண் கலங்கியிருந்தது. "டார்லா, இவர்தாம்மா உன் அப்பா!"

யாரோ ஒரு பெண் கூட்டத்தில் வீறிட்டாள். டார்லா கல்லாய் நின்றாள். அடுத்த நொடி, சின்ன வயதிலிருந்து எதற்காகக் காத்திருந்தாளோ அதை நோக்கிப் பாய்ந்தாள். அவன் அவளை வாரி எடுத்துச் சுற்றினான்.

நேவா கிளைட்டைச் சாகடித்தது திட்டமிட்டு அல்ல. மிசௌரியில் ஜாப்லின் ஊரில் அவனோடு வாழ்ந்த காலத்தில், அவன் கை எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொப்பி வைத்த இடத்தில் இல்லாததற்குக்கூட எழும். ஒருநாள் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த வாரம், அவன் வேலைக்குப் போன பிறகு, நடக்கத் தொடங்கியிருந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். ஹாலோவேயில் இறங்கி ஓர் அறை கேட்டபோது வீட்டுக்காரி, "உன் புருஷன் போர்லயா?" என்றாள். ஆமென்று தலையசைத்தாள். பிறகு கேட்டவர்களிடம், தகவல் ஒன்றுமில்லை என்றாள். ஊரே அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டது. போரில் இறந்தவர்களின் நினைவு நாளில் மாதர் சங்கத்தார் வீடு தேடி வந்து பூங்கொத்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள். மகள் கேட்டபோது, அப்பா போரில் கடலில் மூழ்கிப்போனார் என்றாள். அதற்கு மேல் திரும்பி வர வழியில்லாமல் போயிற்று. ஆனால் பெயரை அவள் மாற்றவில்லை. தேடியிருந்தால் யாரும் அவளைக் கண்டுபிடித்திருக்கலாம்.

"போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். வீடு காலி," என்று கிளைட் ஒலிவாங்கியில் கதை விட்டுக்கொண்டிருந்தான். "யாரோ தப்பாத் தகவல் குடுத்துட்டாங்க போல. நான் தேடாத ஊர் இல்லீங்க." கைக்குட்டையால் கண்ணை ஒற்றினான். "மிசஸ் டாலிவருக்குப் பேச்சே வரல!" என்றார் டெனிசன். "வரட்டும், வரட்டும். அதுக்குள்ள நம்ம சலவைத்தூள் நண்பர்கள் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்."

கேமரா மேடையின் மறுபக்கம் திரும்பியது. அங்கே ஒரு பெண் வெள்ளைத் துண்டை விரித்துப் பாடத் தொடங்கினாள். கிளைட் ஒரு கையை மகளின் தோளில் போட்டபடியே மறு கையால் நேவாவின் மணிக்கட்டைப் பிடித்தான். அதே மணிக்கட்டு. கட்டைவிரல் அந்த எலும்பைத் தேடிப்போய் அழுத்தியது.

"சிரிடி," என்றான் உதடு அசையாமல். "நாடே பாக்குது. மீதியை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். தேவாலய வாசலில், மளிகைக் கடையில், அவனுடைய தங்கை கல்யாணத்தில், புன்னகையோடு அவன் எப்போதும் சொன்ன வாக்கியம். அதைக் கேட்ட பிறகு வீடுவரை நடப்பதுதான் அடியைவிட மோசம்.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. டெனிசன் ஒலிவாங்கியை நீட்டினார். "சொல்லுங்க. இத்தனை வருஷம் கழிச்சு உங்க கணவர்கிட்ட என்ன சொல்ல ஆசைப்படறீங்க?"

நேவாவுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "இவர் செத்துட்டாருன்னு எனக்கு யாரும் தகவல் குடுக்கல. நான்தான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னேன்."

டெனிசனின் புன்னகை அப்படியே உறைந்தது.

"உயிருக்குப் பயந்து ஓடிவந்தேங்க. என் கையை இவர் ஒடிச்சாரு. இந்தக் கை. இப்பவும் இதைத்தான் புடிச்சிருக்காரு, பாருங்க." அவள் கையை உயர்த்தினாள். அவன் விரல்கள் சட்டென்று விலகின. ஆனால் வெளுத்துக் கிடந்த தோலில் அவற்றின் தடம் இருந்தது. கேமராக்காரன் என்ன நினைத்தானோ, அதை நெருங்கிப் போய்க் காட்டினான். "என்னை விட்டுடச் சொல்லுங்க இவரை. அவ்வளவுதான் நான் சொல்ல ஆசைப்படறது."

யாரோ எங்கோ கைகாட்டியிருக்க வேண்டும். ஆர்கன் இசை மடமடவென்று பொங்கியது. நாடு முழுவதும் திரைகளில் அந்த வெள்ளைத் துண்டு திரும்ப வந்தது.

நடைகூடத்தில் டெனிசன் டையை இழுத்துத் தளர்த்திக்கொண்டு அவளிடம் வந்தார். முகத்தில் ஒப்பனை வியர்வையில் வழிந்தது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதாம்மா?"

"என்னை யாரு கேட்டீங்க?" என்றாள் நேவா.

அவர் திரும்பிப் போய்விட்டார்.

டார்லா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். புது கவுனின் கழுத்துப் பட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "செத்துட்டாருன்னு சொன்னே. ராத்திரி ராத்திரி அவருக்காக மண்டிபோட்டு ஜெபம் பண்ண வெச்சியே என்னை!"

"டார்லா, கண்ணு..."

"கிட்ட வராதே. நீ பொய்க்காரி."

விமானத்தில் டார்லா நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஓப்பலும் வழிநெடுக ஜன்னலைத்தான் பார்த்தாள். ஒமாஹாவில் இறங்கும்போது மட்டும், "வாரம் தவறாம உன் தலையைக் கழுவிவிட்டிருக்கேன். என்கிட்டகூடச் சொல்லலையேடீ," என்றாள். அதில் கோபம் இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா என்று நேவாவுக்குப் புரியவில்லை.

ஹாலோவேயில் எல்லோரும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருந்தார்கள். நேவா மளிகைக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. சிற்றுண்டிக் கடையில் ஆண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். "புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதைப் போய் ஊர் உலகத்துக்கு முன்னால..." "அந்தாளு பாவம்ப்பா, அழுதுட்டான்." மாதர் சங்கத் தலைவி தெருவில் அவளை நிறுத்தி, "நாங்க கொடுத்த பூவையெல்லாம் வாங்கிக்கிட்டியே நேவா," என்றாள். பொய் சொல்கிறவளை நம்பிப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பலாமா என்று பள்ளி நிர்வாகக் குழு கூடிப் பேசியது. கோட்டுக்குள் கிடந்த பிள்ளைகளில் ஒருவனின் தகப்பன் எழுந்து, "பனிப்புயல் அன்னிக்கு ராத்திரி அவ பொய்யா சொன்னா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வேலை தப்பியது. இரண்டு குடும்பத்தார் மட்டும் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே காரில் கொண்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது தொலைபேசி. முதல் அழைப்பு ஆரிகனிலிருந்து. ஒரு பெண், பெயர் சொல்லவில்லை. "நீங்கதானே அந்த டெலிவிஷன்ல வந்தவங்க?" என்றாள். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். "எனக்கும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்து டெக்சஸிலிருந்து. பிறகு சிகாகோவிலிருந்து, மேல்தட்டு உச்சரிப்போடு; ஒரு டாக்டரின் மனைவி. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கறுப்புக் கருவி மணியடித்துக்கொண்டே இருந்தது. நேவாவுக்கு ஆலோசனை சொல்லத் தெரியாது. கேட்டுக்கொண்டு நிற்பாள். கால் வலித்தால் தரையில் உட்கார்ந்து கேட்பாள். இத்தனை பேரா? இத்தனை வருடமாகத் தான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்திருந்தாள்! திகைப்பு அவளுக்குத் தீரவே இல்லை. டார்லா மாடியிலிருந்து இறங்கி வருவாள், தரையில் உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்ப்பாள், பாலை ஊற்றிக் குடித்துவிட்டு மேலே போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், ஓப்பல் பின்வாசல் வழியாக வந்தாள். மேசையருகில் உட்கார்ந்து, வெயிலிலும் எப்போதும் கழுத்தில் கட்டியிருக்கும் பட்டுத் துணியை அவிழ்த்தாள். நேவா பார்த்தாள். பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த விரல் தடங்கள்.

"ஸ்டைலுக்குக் கட்டறேன்னு நெனச்சியா?" என்றாள் ஓப்பல்.

நேவா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஓப்பலின் கணவன் ஹோமர் தேவாலயத்தில் பாடற்குழுவை நடத்துகிறவன். கிறிஸ்துமஸுக்கு அநாதைப் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுக்கிறவன். நேவாவின் வீட்டுக் கூரையைச் சும்மா வந்து பழுது பார்த்துக் கொடுத்தவன். "ஹோமரா? நம்ம ஹோமரா?"

"என்கிட்ட ஏன் சொல்லலன்னு உன்மேல கோபப்பட்டேன் பாரு," என்று ஓப்பல் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவாலய மணி அடித்ததும் ஓப்பல் துணியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்குப் போறேன். என்னிக்காவது ஒருநாள் பெட்டியோட வந்தா, கதவைத் திறப்பியா?"

"பூட்டவே மாட்டேன்," என்றாள் நேவா.

கிளைட் ஹாலோவேக்கு வந்தது பள்ளிக்கூடம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது. பளபளக்கும் நீலக் காரில் வந்து சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தான். கதை சொன்னான். ஆண்கள் அவனுக்குப் கேக் துண்டும் காபியும் வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளி விடுகிற நேரத்துக்கு நேரே எழுந்து வந்து, கிளம்ப இருந்த பேருந்தின் கதவருகே நின்றான்.

பேருந்து நிறையப் பிள்ளைகள். கடைசி இருக்கையில், தாயை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில், டார்லா. நேவாவின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

"இறங்கு, ரெண்டு நிமிஷம் பேசணும்," என்றான் கிளைட், கனிவாக. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.

"பிள்ளைங்க இருக்காங்க, கிளைட். காலை எடு."

"பிள்ளைங்களுக்குத் தெரியட்டுமே. அப்பன்காரன் தன் குடும்பத்தைக் கேட்டு வந்திருக்கான்." பார்வையைப் பின்னால் அனுப்பினான். "டார்லா! செல்லம்! வா, அப்பாவோட புதுக் கார்ல போகலாம். ஜாப்லின்ல உனக்கு ஒரு ரூமே ரெடியா இருக்கு."

டார்லா எழுந்தாள். புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவே நடந்து வந்தாள். இருபுறமும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நேவா தலையைத் திருப்பவில்லை. எதிரேயிருந்த கண்ணாடியில் மகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனால் எப்படித் தடுப்பது? எந்த உரிமையில்?

டார்லா படியருகே வந்து நின்றாள். கிளைட் கையை நீட்டினான்.

"அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சு," என்றாள் டார்லா.

"என்ன கேட்டுச்சு?"

"நாடே பாக்குது, சிரின்னு சொன்னீங்க. என் தோள்மேல கை போட்டுக்கிட்டே சொன்னீங்க. அந்தக் கை கொஞ்சம்கூட அசையல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு." அவள் படியிலிருந்த அவன் காலைக் காட்டினாள். "காலை எடுங்க."

கிளைட்டின் முகத்திலிருந்து கனிவு வழிந்து போயிற்று. அடியில் இருந்தது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அவன் கையை ஓங்கினானா, கம்பியைப் பிடிக்கப் போனானா என்று பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிற்றுண்டிக் கடை வாசலில் பல்குத்திக்கொண்டு நின்ற ஆண்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் பல்குச்சியைத் துப்பிவிட்டு வீதியைக் கடந்து வரத் தொடங்கினார். பின்னாலேயே இன்னொருவர். கிளைட் அவர்களைப் பார்த்தான். காலை எடுத்தான்.

டார்லா குனிந்து, தாயின் கைக்கு மேலே தன் கையை நீட்டி, கதவின் நெம்புகோலை இழுத்தாள். கதவு மூடியது.

நேவா வண்டியை நகர்த்தினாள். ஊர் எல்லை தாண்டி, சோளவயல்களுக்கு நடுவே மண்சாலைக்கு வந்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள். டார்லா பின்னால் போகவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கே கேட்டுச்சும்மா," என்றாள் மெதுவாக. "கேட்காத மாதிரி இருந்தேன். அப்பா வேணும்னு இருந்துச்சு. அதனால உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன்."

"நான் பொய்தான் சொன்னேன் கண்ணு."

"அந்தக் கோபம் இன்னும் இருக்கு," என்றாள் டார்லா. "சீக்கிரம் போகாதுன்னு நெனக்கிறேன்."

"இருக்கட்டும்," என்றாள் நேவா.

முதல் நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகள் இறங்கி வேலியோரமாக ஓடினார்கள். அவர்கள் வாசல் கதவைத் தள்ளி உள்ளே போகும்வரை நேவா காத்திருந்தாள். பிறகு கியரை மாற்றினாள்.